இரண்டாவது கம்பி

கோய்ஹைக்கே. ஜூலை.
கொடியில் கிடந்த சட்டை பலகையாய் விறைத்து நிற்கும் காலை.
ஏணியைச் சுமந்துகொண்டு
கம்பளிக் கூட்டுறவு அலுவலகத்துக்குள் நுழைந்தேன்.
டான் ரெமிஹியோ விறகடுப்பைக் கிளறியபடியே,
“இணையம் இரண்டு கம்பெனியில் வாங்கியிருக்கிறேன், மிரெயா,
ஒன்று படுத்தால் இன்னொன்று” என்றார்,
ஜோடிக் காளை வாங்கிக் கட்டியவர் தோரணையில்.

இரண்டு கம்பியையும் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தேன்.
கூரை விளிம்பு, பேக்கரிச் சந்து, நாய் குரைக்கும் வேலி,
அப்புறம் தெருமுனை.
அங்கே ஒரே கம்பத்தில், ஒரே கொக்கியில்
தோள்மேல் கைபோட்டுக்கொண்டு தொங்கின இரண்டும்.
போன மாதம் விறகு லாரி பின்னால் வந்து இடித்ததே,
அந்தக் கம்பம்.

ரசீது இரண்டு.
கம்பம் ஒன்று.

சொன்னபோது அவர் கோபப்படவில்லை.
மாத்தேக் குவளையை மேசையில் வைத்தார்,
கொஞ்சம் பலமாக.

கூரையேறித் தட்டு ஆண்டெனாவை முடுக்கினேன்.
திருகாணி விரலோடு ஒட்டிக்கொண்டது.
வானத்தை எந்த லாரியும் இடிக்காது, சரி,
ஆனால் பனி மூடும்; வாரம் ஒருமுறை துடைக்க ஆள் வேண்டும்.
“யார்?” என்று கீழே கேட்டேன்.
எல்லோரும் எலியானாவைப் பார்த்தார்கள்.
எலியானா துடைப்பத்தைப் பார்த்தாள்.

கணக்கு எந்திரத்தின் கதவு
உலகத்துக்கே திறந்து கிடந்தது.
ஒரே இரவில் நாலாயிரத்துச் சொச்சம் தட்டல்,
ஊர் பேர் தெரியாத கைகள்.
கடவுச்சொல்: செம்மறி, ஒன்று, இரண்டு, மூன்று.
இத்தனை நாள் காப்பாற்றியது எது என்று
எனக்கு இன்னும் விளங்கவில்லை.
கதவை மூடினேன்.
ஆளுக்கொரு சாவி, ஆளுக்கொரு சுரங்கம்;
அதற்குமேல் ஃபோனில் ஆறு இலக்கம்,
முப்பது நொடிக்குள் அடிக்க வேண்டும்.
“கண்ணாடி தேடவே எனக்கு அவ்வளவு ஆகும்” என்றாள் எலியானா.
வில்லா ஒர்த்தேகா சாலையைப் பனி அடைக்கும் நாட்களில்
அவள் வீட்டிலிருந்தே கணக்கு எழுத வேண்டும்.
அதற்குத்தான் இத்தனையும்.

பழைய பட்டியலிலிருந்து பேர்களை ஒவ்வொன்றாய் வாசித்தேன்.
இருக்கிறார். இருக்கிறார். சாந்தியாகோ போய்விட்டார், எடு.
நோல்பெர்ட்டோ ஓயார்சோ.
“மார்ச்சிலேயே சண்டை போட்டுக்கொண்டு போனானே”
என்றார் டான் ரெமிஹியோ.
கடைசி நுழைவு: நேற்று, அதிகாலை மூன்று பன்னிரண்டு.

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது.

எதையும் எடுக்கவில்லை அவன், எதையும் மாற்றவில்லை.
ஒரே ஒரு கோப்பு, பதினேழு இரவுகள்.
எலியானா அதைத் திறந்தாள்.
சம்பளப் பாக்கி. நாற்பத்திரண்டாம் வரிசை.
அவன் பேர், இரண்டு மாதத் தொகை,
எதிரே ‘தீர்ந்தது’ என்று எழுதவேண்டிய வெற்றுக் கட்டம்.

“அழி” என்றார் அவர்.
அழித்தேன், அனுமதியை.
அது என் வேலை, தயங்கக் கூடாது;
போனவன் கையில் சாவி இருக்கக் கூடாது,
நியாயம் அவன் பக்கமே இருந்தாலும்.
வரிசையை அழிக்கும் அதிகாரம் எனக்கு இல்லை.
எலியானாவுக்கு இருக்கிறது.
அவள் கண்ணாடியைக் கழற்றி
நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாகச் சோதனை.
இரண்டு கம்பியையும் ஒருசேரப் பிடுங்கினேன்.
திரையில் சக்கரம் சுழல,
ஒன்று, இரண்டு என்று டான் ரெமிஹியோ வாய்விட்டு எண்ணினார்.
பதினான்கில் நிறுத்திவிட்டார்.
இருபத்திரண்டாவது நொடியில், வானம் வழியாக,
ஒரு புள்ளி குறையாமல் திரும்பி வந்தது எல்லாம்:
கம்பளி எடை, லாரி வாடகை,
நாற்பத்திரண்டாம் வரிசை.